பதில்: உறுதிபூசுதல் வகுப்பில் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை

வணக்கம் சகோதரி. உறுதிபூசுதல் என்ற கத்தோலிக்க அருட்சாதனத்துக்குத் தயாராகும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தூய ஆவியின் ஏழு கொடைகளையும் மனப்பாடமாய் ஒப்பிக்கிறார்கள், அதற்கு மேல் பேச்சில்லை என்கிறீர்கள். எனக்கும் இரண்டு வருடம் அதே கதைதான்.

முதலில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் வட்டமாக உட்காருங்கள். பெயர் போடாமல் ஆளுக்கொரு கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எனக்கு வந்த முதல் சீட்டு: "பூசைக்கு வரலைன்னா அம்மா ஏன் அழுறாங்க?" அன்று பாடமே நடக்கவில்லை, போகட்டும்.

அப்புறம், திடம் என்ற கொடைக்கு விளக்கம் எழுதிப்போட வேண்டாம். நாகர்கோவில் பக்கம்தானே இருக்கிறீர்கள், ஒரு சனிக்கிழமை ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குக் கூட்டிப்போங்கள். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம், கிறிஸ்தவ விசுவாசத்தைக் கைவிட மறுத்ததால் 1752 சனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட இடம். 2022இல் புனிதரானார். அங்குள்ள மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். எங்கள் பையன்கள் மாறி மாறித் தட்டினார்கள். பேருந்தில் திரும்பும்போது ஒருவன் மெதுவாக, "நானா இருந்தா பயந்து விட்டிருப்பேன் சார்" என்றான். அடுத்த வகுப்பை அந்த வாக்கியத்தில்தான் தொடங்கினேன்.

தேர்வு பற்றிப் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மதிப்பெண் வேண்டாம் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.