கத்தியைப் பற்றி அப்புறம் கேளுங்கள்

கேள்வி: நியூயார்க்கின் புரூக்ளினில் இருக்கிறோம். மகள் வயிற்றுப் பேரனுக்கு யூத முறைப்படி எட்டாம் நாள் விருத்தசேதனம், அதாவது ஆண்குறியின் நுனித்தோலை அறுக்கும் சடங்கு. அதைச் செய்யும் மொஹேல் காயத்தை வாயால் உறிஞ்சுவாராம். வேண்டாம் என்றால் சடங்கு செல்லாதா?

பதில்: செல்லும், தாராளமாக மறுக்கலாம். தோலை அறுப்பது, உள்சவ்வைக் கிழித்து விலக்குவது, இரத்தத்தை உறிஞ்சுவது என இதில் மூன்று வேலை. மூன்றாவதைக் குழந்தையின் பாதுகாப்புக்காக என்றுதான் யூதச் சட்ட நூலான தல்மூத் சொல்கிறது. 1837-லேயே ஹதம் சோபர் என்ற பெரிய யூத மதகுரு, வாய்க்குப் பதில் பஞ்சால் ஒற்றி எடுக்க அனுமதித்தார். இன்று ஆசாரமான யூதர்களிலும் பலர் கண்ணாடிக் குழாய் வைத்தே உறிஞ்சுகிறார்கள். கிருமிநீக்கிய குழாயைக் கொண்டுவரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சடங்கு மேடையில் போய் வாதாடினால் எடுபடாது.

பயம், கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸைப் பற்றியது. பெரியவர்களில் பலரின் எச்சிலில் புண்ணே இல்லாமலும் அது வெளிவரும். பச்சிளம் குழந்தையின் ஈரல், மூளை வரை போய்விடும். நியூயார்க் நகரில் 2000 முதல் 2011 வரை இப்படி 11 குழந்தைகளுக்குத் தொற்று, இரண்டு இறந்தன. 'வாயில் ஒயின் வைத்துத்தானே உறிஞ்சுகிறேன்' என்பார்கள், நம்பாதீர்கள். விருந்தோடு மொஹேலையும் சேர்த்துப் பிடித்துத் தரும் தரகர் காட்டும் 'கிருமி இல்லை' சான்றும் அப்படித்தான். பரிசோதித்தது என்றோ ஒருநாள், உறிஞ்சப்போவது இன்று.

மொஹேலுக்கு அரசு உரிமம் கிடையாது. முடிவெட்டுபவருக்கு வேண்டும், இவருக்கு வேண்டாம்! பெற்றோரிடம் எழுத்துச் சம்மதம் வாங்க வேண்டுமென்று 2012-ல் நகரம் விதி போட்டது. 2015-ல் அதையும் கைவிட்டது.

மஞ்சள் காமாலையோ காய்ச்சலோ இருந்தால் மதமே தள்ளிப்போடச் சொல்கிறது. பிறந்ததும் இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்றும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மகளிடம் துருவிக் கேளுங்கள். அவள் கூடப்பிறந்த ஆண்களுக்கோ, அவள் தாய்மாமன்களுக்கோ, பெரியம்மா, சித்தி மகன்களுக்கோ பல் பிடுங்கியபோது, சின்ன வெட்டுக்கு, இரத்தம் நிற்காமல் போனதுண்டா? இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோய் தாய்வழியே வருவது. இரண்டு அண்ணன்கள் விருத்தசேதனத்தால் இறந்திருந்தால் மூன்றாமவனுக்குச் செய்யக்கூடாது என்று தல்மூத்திலேயே உண்டு. சகோதரிகளின் பிள்ளைகளையும் அது கணக்கில் எடுக்கிறது. நமக்கு இரண்டு சாவு வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்தாலே இரத்தப் பரிசோதனை முடியும்வரை கத்தி படக்கூடாது.

மறுநாள் காயத்தில் மஞ்சள் படலம் தெரிந்தால் அது சீழ் அல்ல, துடைக்காதீர்கள். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், பால் குடிக்காமை, கொப்புளம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாயால் உறிஞ்சியிருந்தால் அதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மொஹேலின் பெயர் கெடுமே என்று மறைத்தால் ஹெர்பிஸுக்கான அசைக்ளோவிர் மருந்து தாமதமாகும்.