பிஆர்கே செய்த கண் சீக்கிரம் ஆற ‘குரோத் ஃபேக்டர்’ சொட்டு வாங்கிப் போடலாமா?

அடுத்த மாதம் சிங்கப்பூரில் பிஆர்கே செய்துகொள்ளப் போகிறீர்கள். கண்ணின் முன்பக்கத்தில் உள்ள ஒளிபுகும் கார்னியாவின் மேல்படலத்தை எடுத்துவிட்டு, லேசரால் பார்வையைத் திருத்தும் சிகிச்சை அது. செல்களைப் பெருக வைக்கும் ‘குரோத் ஃபேக்டர்’களில், அதாவது வளர்ச்சிக் காரணிகளில், ஒன்று இஜிஎஃப். இணையத்தில் விற்கும் இஜிஎஃப் சொட்டைப் போட்டால் சீக்கிரம் ஆறுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்காதீர்கள். இஜிஎஃப் உங்கள் கண்ணீரிலேயே ஊறுகிறது. அதோடு, மேல்படலத்தில் காயம் பட்டதும் அதற்குக் கீழே ஸ்ட்ரோமா என்ற தடித்த அடுக்கில் இருக்கும் கெரட்டோசைட் செல்கள் எச்ஜிஎஃப், கேஜிஎஃப் என்ற வேறு இரண்டு வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து மேல்படலச் செல்களைப் பெருக வைக்கின்றன. லேசருக்காக எடுப்பது சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள படலம்தான். சுற்று விளிம்பிலிருந்து செல்கள் நகர்ந்து வந்து பெரும்பாலும் 3 முதல் 5 நாளில் மூடிவிடும். நாலா பக்கமும் வந்த செல்கள் நடுவில் முட்டும் இடத்தில் சின்ன வரப்பு எழும். மூன்றாம், நான்காம் நாளில் பார்வை திடீரென்று மங்குவதற்கு அதுவே காரணம். பலர் இங்கேதான் பதறிப்போகிறார்கள். அது தானாகச் சமனாகும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது டிஜிஎஃப் பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி. மேல்படலத்துக்கு அடியில் உள்ள மெல்லிய அடித்தளச் சவ்வு சரியாக உருவாகும்வரை, கண்ணீரிலும் மேல்படலத்திலும் இருக்கும் டிஜிஎஃப் பீட்டாவும் பிடிஜிஎஃப் என்ற இன்னொரு காரணியும் ஸ்ட்ரோமாவுக்குள் இறங்கும். அங்குள்ள செல்கள் மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற வேறு வகைச் செல்லாக மாறி, ஒளி ஊடுருவாத தழும்பைப் போடும். ஹேஸ் என்றால் நமக்குச் சுமத்ராப் புகைமூட்டம்தான் நினைவுக்கு வரும். கண் மருத்துவர் ஹேஸ் என்று சொல்வது இந்தத் தழும்பை. முதல் வாரத்தில் இது தெரியாது, சில மாதம் கழித்துத் தலைகாட்டும். பவர் மைனஸ் 6க்கு மேல் என்றால் வாய்ப்பு கூடுதல். அதனால்தான் லேசர் முடிந்த கையோடு செல்கள் பெருகுவதைத் தடுக்கும் மருந்தான 0.02 சதவீத மைட்டோமைசின் சி தோய்த்த பஞ்சைச் சில நொடிகள் வைத்துக் கழுவிவிடுகிறார்கள். உங்களுக்கு வைப்பார்களா என்று முன்பே கேளுங்கள்.

ஆகவே வளர்ச்சிக் காரணியை அள்ளிக் கொட்டுவதால் பயனில்லை. படலம் தடையில்லாமல் மூடுவதுதான் முக்கியம். காயத்தைப் பாதுகாக்கக் கண்ணில் வைக்கும் பேண்டேஜ் லென்ஸை நீங்களே கழற்றாதீர்கள். குழாய்த் தண்ணீர் கண்ணில் படக்கூடாது. இரண்டு சொட்டுக்கு நடுவே 5 நிமிடம் விடுங்கள். செயற்கைக் கண்ணீர் வாங்கும்போது பென்சல்கோனியம் குளோரைடு இல்லாத ஒற்றை உபயோகக் குப்பியாகப் பாருங்கள். அந்தப் பதப்பொருள் மேல்படலச் செல்லுக்கே நஞ்சு. வலிக்கிறதே என்று மரத்துப்போகும் சொட்டைத் தேடிப் போகவே போகாதீர்கள், படலம் மூடாமலேயே நின்றுவிடும்.

ஸ்டீராய்டு சொட்டை மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும். பார்வை தெளிந்துவிட்டதென்று பாதியில் நிறுத்தினால் ஹேஸ் வரலாம். நீட்டிப் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். அழுத்தம் பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள். புற ஊதாக் கதிரும் ஹேஸைத் தூண்டும். இங்கே நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடும் நாட்கள் உண்டு. தேசிய சேவையில் இருப்பவர்களும் வெளிவேலை செய்பவர்களும் பல மாதங்களுக்குக் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வெயிலில் நிற்கக் கூடாது.

படலம் மூடாமல் இழுத்துக்கொண்டே போனால் மருத்துவரே உங்கள் ரத்தத்திலிருந்து சீரம் சொட்டு தயாரிக்கச் சொல்லலாம், வழக்கமாக 20 சதவீதம். இஜிஎஃப், வைட்டமின் ஏ, ஃபைப்ரோனெக்டின் எல்லாம் அதில் உண்டு. சுத்தமான சூழலில் எடுத்துக் குளிரில் வைக்கும் பொருள் அது. முகத்தில் பூச விற்கும் இஜிஎஃப் சீரம் கண்ணுக்கானது இல்லை.

குறைந்துவந்த வலி மறுபடி ஏறினாலோ, சீழ் வந்தாலோ, கார்னியாவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.