ஜல்லி ஒட்டுவது எப்படி? மாதிரி ரயில் பாதை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எச்ஓ அளவுத் (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு) தண்டவாளத்தில் ஜல்லியைப் பரப்பி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பசை முத்து முத்தாக உருண்டு, விழுந்த இடமெல்லாம் குழியாகிவிட்டது. பசை கெட்டியாக இருந்ததுதான் காரணமா? (கோவை வாசகர்)

பசை அல்ல, ஜல்லி உலர்ந்திருந்ததுதான் காரணம். துகள்களுக்கு நடுவே காற்றும் தூசியும் இருக்கும்வரை, நீரின் பரப்பு இழுவிசை சொட்டை உள்ளே இறங்க விடாது. சொட்டு துகள்களையும் சுருட்டிக்கொண்டு உருளும். ஆகவே பசைக்கு முன் ஜல்லி அடிவரை நனைந்திருக்க வேண்டும். இந்த ஒரு படியை விட்டால் வேறு எதைச் செய்தாலும் குழி விழும்.

நனைக்க 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் மிக நல்லது. இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் 4 சொட்டு போதும். பனிபோல் தூவும் ஸ்ப்ரேயரை ஜல்லியைப் பார்த்து அடிக்காதீர்கள், துகள்கள் பறந்துவிடும். சற்று மேல்நோக்கித் தெளித்து, தானாக இறங்க விடுங்கள். ஆல்கஹால் என்றால் ஜன்னலைத் திறந்து, பாதைக்கு வரும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தெளியுங்கள்.

ஜல்லியின் வடிவத்தை நனைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், நனைந்தபின் திருத்த வராது. நேரம் செலவாக வேண்டிய இடம் இதுதான். மட்டம் ஸ்லீப்பரின் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) மேல்பரப்புக்கு ஒரு மயிரளவு கீழே இருக்கட்டும். தண்டவாளத்தின் உள்பக்கத்தில் துகள் ஒட்டிக்கொண்டால் சக்கர விளிம்பு அதில் ஏறிப் பெட்டி தடம் புரளும். மென்மையான தட்டைத் தூரிகையால் சீர்செய்தபின், தூரிகைக் காம்பால் தண்டவாளத்தை லேசாகத் தட்டுங்கள். ஸ்லீப்பர் மேல் தங்கிய துகள்கள் துள்ளி இடைவெளியில் விழும்.

பசை 1 பங்கு, தண்ணீர் 2 பங்கு, திரவ சோப்பு 2 சொட்டு. ஆல்கஹால் தெளிப்பதாக இருந்தால், கலவையில் சிறிது எடுத்து ஒரு கிண்ணத்தில் ஆல்கஹாலோடு சேர்த்துப் பாருங்கள். சில பசைகள் திரிந்துபோகும். ஊசி நீக்கிய சிரிஞ்சால் முதலில் தண்டவாளங்களுக்கு நடுவிலும், பிறகு இரு சரிவுகளிலும் விடுங்கள். துகள்களிடையே வெண்மை தெரிந்தால் நிறுத்தலாம். 24 மணி நேரம் தொடக் கூடாது, மழைக்காலத்தில் 48. காய்ந்ததும் தண்டவாளத்தின் மேல்பரப்பை ஆல்கஹால் துணியால் துடைத்த பிறகே இன்ஜினை ஓட்டுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கும் ஜல்லிக்குப் பதில் எம்-சாண்ட் பயன்படுமா? ஒரு மீட்டருக்கு எவ்வளவு வேண்டும்? (சேலம் வாசகர்)

தாராளமாக. நம் ஊர்ப் பாதையை அமைக்கிறீர்கள் என்றால் கடை ஜல்லியைவிட இதையே பரிந்துரைப்போம். உடைத்த கல் என்பதால் துகள் கூர்மையாக இருக்கும். ஆற்று மணல் உருண்டையாகத் தெரியும். கடற்கரை மணலை எடுக்கவே வேண்டாம், உப்பு தண்டவாளத்தை அரிக்கும்.

இந்திய ரயில்வே ஜல்லி பெரும்பாலும் 20 முதல் 65 மி.மீ. வரை. அதை 87-ஆல் வகுத்தால் 0.23 முதல் 0.75 மி.மீ. ஆகவே நுண்ணிய டீ வடிகட்டியில் சலித்துப் பெரிய துகளை ஒதுக்குங்கள். மெல்லிய துணியில் சலித்துத் தூசியையும் நீக்கி, தண்ணீர் தெளியும்வரை அலசி வெயிலில் காயவையுங்கள். தூசி மிஞ்சினால் காய்ந்தபின் வெண்படலம் பூக்கும்.

கருங்கல்லில் காந்தத்தால் ஈர்க்கப்படும் தாதுத் துகள் இருக்கலாம். அது இன்ஜின் மோட்டாரின் காந்தத்தில் ஏறினால் பல்சக்கரம் தேயும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பாலித்தீன் பையில் சுற்றி, பரப்பிய மணல்மேல் சில முறை ஓட்டுங்கள்.

5 மி.மீ. கார்க் அடித்தளத்தின் மேல் ஒற்றைப் பாதைக்கு மீட்டருக்குச் சுமார் 70 மி.லி. பிடிக்கும், சிந்துவதையும் சேர்த்து 100 மி.லி. வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாயிண்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) உள்ள பகுதியில் ஒட்டியதும், ரயிலைத் தடம் மாற்ற நகரும் கூர்முனைத் தண்டவாளங்களான நாக்குகள் இறுகிவிட்டன. (மதுரை வாசகர்)

சோப்பு கலந்த பசை இடுக்குகளில் தானாக ஏறும். அங்கே சிரிஞ்ச் முறையே வேண்டாம். ஸ்லீப்பர்களுக்கு நடுவே தரையில் கலக்காத பசையை மெல்லத் தடவி, அதன்மேல் ஜல்லியைத் தூவி, ஒட்டாததை மறுநாள் தூரிகையால் தள்ளிவிடுங்கள். நாக்குகள் உள்ள பகுதியில் ஸ்லீப்பரின் பாதி உயரத்துக்கு மேல் போக வேண்டாம். நாக்குகளை இணைத்து நகர்த்தும் குறுக்குச் சட்டத்தின் அடியில் துகளே கூடாது. அந்த இடத்துக்கு ஜல்லி நிறப் பெயின்ட் போதும். காயும்வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாயிண்டை இருபுறமும் நகர்த்திப் பாருங்கள்.

கேள்வி: ஜல்லி ஒட்டியபின் ரயில் ஓடும் சத்தம் கூடிவிட்டது. ஏன்? பிரித்தெடுக்க முடியுமா? (திருச்சி வாசகர்)

பசை இறுகி, கார்க்கைத் தாண்டி பலகைவரை கெட்டியான ஓடுபோல் ஆகிவிட்டது. அதிர்வு பலகைக்கு நேராகப் போகிறது. சரிவின் அடி விளிம்பு பலகையைத் தொடும் இடத்தில் ஜல்லியை நீக்கினால் ஓரளவு குறையும். அடுத்த பகுதிக்கு, காய்ந்தபின்னும் ரப்பர்போல் இளகும் லேட்டக்ஸ் பசை நல்லது.

சாதாரண வெள்ளைப் பசை என்றால் பிரிக்கலாம். வெந்நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு ஊற்றி, 20 நிமிடம் ஊறவிட்டு, தட்டைக் கரண்டியால் மெல்ல நெம்புங்கள். ஃபெவிகால் மரைன் போன்ற நீர்ப்புகாப் பசை இப்படி இளகாது. இந்த வேலைக்கு அதை வாங்காதீர்கள்.