வருங்கால வழுக்கையையும் கணக்கில் எடுத்து முடி நடுவது: கேள்வி பதில்

கொக்குவிலிலிருந்து, வயது 23: அண்ணை, நெற்றி இரண்டு பக்கமும் ஏறிவிட்டது. வருகிற வருஷம் கலியாணம். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து முன்கோடு, நெற்றியில் முடி தொடங்குகிற கோடு, திரும்ப வேண்டும். எங்கே செய்யலாம்?

தம்பி, எங்கே என்பது பிறகு. இந்த வயதில் உங்கள் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பின்தலையிலிருந்து எடுத்து நடும் முடி பெரும்பாலும் நிலைக்கும். 1959இலேயே நோர்மன் ஓரென்ட்ரைக் என்ற மருத்துவர் இதைக் காட்டிவிட்டார்: இடம் மாறினாலும் முடி தான் பிறந்த இடத்தின் குணத்தையே வைத்திருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற உங்கள் சொந்த முடிக்கு அந்தப் பலம் இல்லை. அது கொட்டிக்கொண்டே போனால் நாற்பது வயதில் முன்னால் வேலி, பின்னால் வெறுங்காணி.

இன்னொரு கணக்கும் பாருங்கள். முன்கோட்டை ஒரு சென்ரிமீற்றர் கீழே இறக்க, நெற்றியின் அகலம் 15 சென்ரிமீற்றர் என்று வைத்தால், 15 சதுர சென்ரிமீற்றர் நிரப்ப வேண்டும். சதுர சென்ரிமீற்றருக்கு 40 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சிறு முடிக்கொத்து) என்றால் 600 போய்விடும். வாழ்நாள் முழுவதற்கும் பின்தலையிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பலருக்கு ஏறத்தாழ 6000தான். அதில் பத்தில் ஒன்றை ஒரு சென்ரிமீற்றருக்கே கொடுப்பதா? ஓரங்கள் கொஞ்சம் ஏறிய, வயதுக்கேற்ற கோடுதான் ஐம்பதிலும் முகத்துக்குப் பொருந்தும். இப்போதைக்கு ஒரு தோல் மருத்துவரைக் கண்டு மருந்தைத் தொடங்குங்கள். ஒரு வருஷம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கலியாணத் திகதிக்காகத் தலையை அவசரப்படுத்த வேண்டாம்.

மானிப்பாயிலிருந்து, வயது 36: அப்பாவுக்கும் இரண்டு மாமாமாருக்கும் காதுக்கு மேலே ஒரு வளையம்தான் மிச்சம். அப்படியென்றால் நான் செய்யவே கூடாதா?

செய்யலாம், ஆனால் அவர்களுடைய தலையை முன்னால் வைத்துத் திட்டம் போடுங்கள். வழுக்கை தாய்வழியில் மட்டும்தான் வரும் என்பது சரியில்லை, இரண்டு பக்கத்தாலும் வரலாம். தலை முழுவதும் வெளித்தால் 200 சதுர சென்ரிமீற்றருக்கு மேல் வரும். 6000த்தைப் பரப்பினால் சதுர சென்ரிமீற்றருக்கு 30கூட வராது. இயற்கையில் இருப்பது எண்பது, தொண்ணூறு. எல்லா இடத்தையும் நிரப்புகிறோம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

முன்பக்கத்துக்கு முதலிடம் கொடுங்கள், முகத்துக்குச் சட்டம் போடுவது அதுதான். உச்சியைக் கடைசிக்கு விடுங்கள். உச்சிச் சுழி நிறைய கிராஃப்ட் விழுங்கும். அங்கே நட்டபின் சுற்றிவரக் கொட்டினால் நடுவில் ஒரு தீவு மட்டும் நிற்கும்.

அச்சுவேலியிலிருந்து: ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா காசு தருகிறார். இஸ்தான்புலில் ஒரே நாளில் 5000 கிராஃப்ட் நடுவார்களாம். போகலாமா?

முதலில் அது 5000 கிராஃப்டா, 5000 முடியா என்று கேளுங்கள். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும், விளம்பரத்தில் இரண்டையும் குழப்புவார்கள். உண்மையிலேயே 5000 கிராஃப்ட் என்றால் உங்கள் பின்தலை முடிச் சேமிப்பில் பெரும்பகுதி ஒரே நாளில் போகிறது. பின்தலை ஐதாகி, கட்டையாக வெட்டினால் புள்ளிபுள்ளியாகத் தெரியும். பத்து வருஷத்தில் மறுபடி தேவைப்பட்டால் எடுக்க இடம் இருக்காது. பின்தலையைக் கருவி வைத்துப் பார்ப்பது யார், முடியை எடுப்பது மருத்துவரா உதவியாளரா, எனக்கு மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் காசை அண்ணாவிடமே விட்டுவிடுங்கள்.

அதே அச்சுவேலித் தம்பி: நட்டபிறகும் குளிசை போட வேண்டுமா?

நட்ட முடிக்காக இல்லை, மிச்சச் சொந்த முடிக்காக. ஃபினாஸ்டரைட் என்ற குளிசை, 1 மில்லிகிராம் அளவில், 1997இல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. நிறுத்தினால் ஒரு வருஷத்துக்குள் பலன் போய்விடும். சிலருக்குப் பாலுறவு ஆர்வம் குறையும், மனச்சோர்வும் வரலாம். அதனால் மருத்துவரிடம் பேசாமல் பார்மசியில் வாங்க வேண்டாம். வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டாம் என்றால் அதுவும் உங்கள் உரிமை, அப்போது இன்னும் குறைவாக நடுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு தங்கச்சி: டெங்கு வந்து மூன்று மாதம். கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. நடலாமா?

வேண்டாம் பிள்ளை. கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவது வழக்கம், பெரும்பாலும் தானாகவே வளரும். வகிடு அகலமாகிக்கொண்டே போனால் யாழ் போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் காட்டுங்கள். இரும்புச்சத்தும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

நல்லூரிலிருந்து: ஜூனில் செய்கிறேன். திருவிழாவில் பிரதட்டை (கோயில் வீதியில் உருளுவது) பண்ணலாமா?

இந்த வருஷம் விடுங்கள். காயம் ஆறியிருந்தாலும் தலைத்தோலில் விறைப்பு சில மாதம் இருக்கலாம். சுடுமணலில் தோல் வெந்தாலும் உணராது. அந்த நேரம் நட்ட முடியும் கொட்டியிருக்கும், பயப்பட வேண்டாம். மூன்று நாலு மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருஷம் ஆகும்.