புனே திரைப்படக் கல்லூரியில் சேர விரும்புவோருக்கு: கேள்வி பதில்

கேள்வி: நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவன். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்காதவர்களைப் புனேயில் சேர்த்துக்கொள்வார்களா?

பதில்: தாராளமாக. இயக்கம், படத்தொகுப்பு போன்ற மூன்றாண்டுப் படிப்புகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும்.

கேள்வி: இயக்கத்துக்குப் போட்டி மிக அதிகம் என்பதால் படத்தொகுப்புக்கு விண்ணப்பித்து, பின்னர் இயக்குநராகலாமா?

பதில்: ஆகலாம், ஆனால் அதைக் குறுக்குவழியாக நினைத்து வராதீர்கள். இந்திப் பட இயக்குநர் ராஜ்குமார் ஹிரானி அங்கே படத்தொகுப்பு படித்தவர். இயக்குநரான பிறகும் தம் படங்களைத் தாமே தொகுக்கிறார். மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா அங்கே ஒளிப்பதிவு பயின்று, 1977இல் முதல் படத்தை இயக்கினார். அதன் பிறகும் ஒளிப்பதிவை அவர் விட்டுவிடவில்லை. இயக்குநரான பிறகும் இருவருக்கும் படித்த துறை சொந்தத் தொழிலாகவே நீடித்தது. ஒரு துறைக்குச் சில இடங்களே இருக்கும்போது, அந்தத் துறையின் மேல் உண்மையான பற்று உள்ளவருக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை நாம் அடைத்துக்கொள்வது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: தேர்வுக்கு எத்தனை படங்கள் பார்க்க வேண்டும்? நான் இதுவரை குறும்படம்கூட எடுத்ததில்லை.

பதில்: எண்ணிக்கையை விடுங்கள். பிடித்த ஒரு படத்தை மூன்று முறை பாருங்கள்: முதலில் இயல்பாக, அடுத்து ஒலியை அணைத்துவிட்டு, பிறகு திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டபடி. ஒரு காட்சியில் கேமரா ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, அடுத்த காட்சித்துண்டுக்கு மாறும் வெட்டு ஏன் அந்த நொடியில் விழுகிறது என்று ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டில் எழுதி வந்தால், எழுத்துத் தேர்வுக்கும் அடுத்த கட்டங்களுக்கும் அதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. குறும்படம் எடுத்துப் பார்க்கக் கைப்பேசி போதும். உங்கள் தெருவின் டீக்கடையில் விடியற்காலையில் நடப்பதை வசனமின்றி மூன்று நிமிடங்களில் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் எந்த இயக்குநர்களின் பெயரைச் சொன்னால் நல்லது?

பதில்: நீங்கள் பார்த்து, யோசித்து, வாதாடக்கூடியவர்களை மட்டும் சொல்லுங்கள். பெயருக்காகச் சொன்ன ஐரோப்பிய இயக்குநரைப் பற்றி இரண்டாவது கேள்வி வந்தாலே திணற நேரிடும். உங்களை உலுக்கிய தமிழ்ப் படமொன்றைப் பற்றி நுட்பமாகப் பேசினால் எதிரில் இருப்பவர்கள் ஆவலுடன் கேட்பார்கள்.

கேள்வி: இடம் கிடைக்காவிட்டால்?

பதில்: கொல்கத்தாவின் சத்யஜித் ராய் கல்லூரிக்கும் சென்னை தரமணியிலுள்ள அரசுத் திரைப்படக் கல்லூரிக்கும் விண்ணப்பியுங்கள். ஆண்டுதோறும் விதிமுறைகள் மாறக்கூடும் என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிக்கையை முழுமையாகப் படித்த பிறகே படிவத்தை நிரப்புங்கள்.