அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட் ஆபா செயலியில் வரவில்லை என்றவருக்கு

செயலியில் கோளாறு இல்லை. 14 இலக்க ஆபா எண் (ABHA, மத்திய அரசின் டிஜிட்டல் மருத்துவக் கணக்கு எண்) எடுத்துவிட்டால் மட்டும் பழைய ரிப்போர்ட்டுகள் தானாக வந்து சேராது. டெஸ்ட் எடுத்த இடம் அந்த ஆபா திட்டத்தில் சேர்ந்து, தன் பதிவை அம்மாவின் எண்ணோடு இணைக்க வேண்டும். பாலக்கோட்டில் நீங்கள் போன லேப் சேரவே இல்லையென்றால் எத்தனை முறை தேடினாலும் காலிதான்.

சேர்ந்திருந்தும் வரவில்லையா? என் சந்தேகம் போன் நம்பர் மேல். லேபில் உங்கள் ஓசூர் நம்பரைக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆபாவில் இருப்பதோ அப்பாவின் நம்பர். நம்பர், பெயர், பாலினம், பிறந்த ஆண்டு இவற்றை வைத்துத்தான் பதிவைப் பொருத்துகிறார்கள்.

பழைய பில்லை எடுத்து ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் மாமியாரின் பில்லில் வயது 58, ஆதாரில் 63. கவுண்டரில் "சுமாரா எவ்வளவும்மா?" என்று கேட்டு அடித்த வயது அது! அடுத்த முறை ரத்தம் கொடுப்பதற்கு முன்பே ஆபா எண்ணைக் காட்டிப் பதியச் சொல்லுங்கள்.

அதுவரை பேப்பரைத் தூக்கிப் போடாதீர்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமும் அதையே காட்டலாம். (2021-இல் அந்தத் திட்டம் தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியில்தான்.)

ஒன்று மட்டும்: ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வைத்தால் தேதியும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதும் தெரியட்டும். வெறும் 180 என்றால் டாக்டருக்கு ஒன்றும் பிடிபடாது. அந்த எண்ணைப் பார்த்து நீங்களாக மாத்திரையைக் கூட்டிக் குறைக்கவும் வேண்டாம்.