வளர்த்த நாய் இறந்த துக்கம்: அப்பாவுக்குத் தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 67. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிடுகிறார். 13 வருடம் வளர்த்த எங்கள் மணிக்குச் சிறுநீரகம் கெட்டு, எட்டு மாதம் வைத்தியம் பார்த்தும் தேறவில்லை. கடைசியில் கால்நடை மருத்துவர் ஊசி போட்டு முடித்தார். ஐந்து வாரம் ஆகிறது. அப்பா வாக்கிங் போவதில்லை. இரவில் ஒரு இட்லியோடு எழுந்துவிடுகிறார். விடியற்காலை 3 மணிக்கு வியர்த்துப்போய் எழுந்து உட்காருகிறார். மணியின் நகச் சத்தம் கேட்கிறது என்கிறார், “நானே கொன்னுட்டேன்” என்று அழுகிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா? அண்ணன் புதுக் குட்டி வாங்கிவரவா என்கிறார்.

பதில்: தூக்க மாத்திரை வேண்டாம். முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள்.

3 மணி வியர்வையைத் துக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் கவலை. கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாத்திரை பழைய அளவிலேயே போக, சாப்பாடு ஒரு இட்லியாகக் குறைந்தால் நள்ளிரவுக்கு மேல் சர்க்கரை இறங்கிவிடலாம். இன்றிரவே, எழுந்து உட்காரும் நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு பிஸ்கட்டோ கொஞ்சம் சாதமோ சாப்பிட வேண்டும். இந்த மாத்திரையின் வேலை ஒரு நாள் வரை நீடிக்கும் என்பதால் ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம். அன்று முழுக்க கவனியுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

3 மணிக்குப் பார்த்த சர்க்கரை அளவு சரியாகவே இருந்தாலும், சாப்பாடு குறைந்திருப்பதைச் சர்க்கரை மருத்துவரிடம் நாளையே சொல்லி, இரவு மாத்திரையைக் குறைக்கலாமா நிறுத்தலாமா என்று கேளுங்கள். இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையில் இருப்பதால் நீங்களாக ஒன்றை மட்டும் விட முடியாது. ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால், மெட்டோபுரோலால் போன்றவை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். அவை படபடப்பை மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் மிஞ்சும். அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரை இந்த வயதில் தடுக்கி விழவைக்கும், குழப்பம் தரும், பழக்கமாகும். லோ சுகரில் எழவேண்டியவரை எழவிடாமலும் செய்துவிடலாம்.

இனி துக்கம். மனிதர் இறந்தால் பதினாறாம் நாள் வரை விசாரிக்க ஆள் வரும். நாய்க்கு யாரும் வருவதில்லை, “நாய்க்குப் போய் இப்படியா?” என்றுதான் கேட்பார்கள். நகச் சத்தம் கேட்பது பைத்தியமல்ல. 13 வருடம் கேட்டுப் பழகிய காது அது. பெரும்பாலும் தானாகக் குறையும்.

குற்ற உணர்வுக்கு ஆறுதலைவிட விவரம் உதவும். நாய்க்குத் தாகமும் சிறுநீரும் அதிகரித்து நமக்குத் தெரியவரும்போதே சிறுநீரகத்தின் திறனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போயிருக்கும். முன்பே கவனித்திருக்கலாமே என்ற கேள்விக்கு அதுதான் பதில். ஊசியில் வழக்கமாகப் போடுவது மயக்க மருந்தின் மிகை அளவு. முதலில் நினைவு போகும், பிறகுதான் மூச்சும் இதயமும் நிற்கும். அதன்பின் கண் திறந்தே இருக்கும், தசை துடிக்கும், ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போலவும் தெரியும். பக்கத்தில் இருந்தவர்கள் அதை வலி என்று நினைத்துவிடுகிறார்கள். அப்பா எதைப் பார்த்தார் என்று கேளுங்கள். முடிந்தால் அந்த மருத்துவரிடமே ஒருமுறை அழைத்துப்போய் ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு பேசவையுங்கள்.

அவரைக் காலையில் எழுப்பி, நடக்கவைத்து, பசி எடுக்கவைத்தது மணிதான். அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் அதே நேரத்துக்கு யாராவது கூடப் போங்கள், வேறு தெரு வழியாக. “நாய் எங்கே?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி பதிலை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பலர் அந்தக் கேள்விக்குப் பயந்தே வெளியே போவதில்லை. இரவுச் சாப்பாட்டைத் தனியாகப் போடாமல் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள்.

சங்கிலி, தட்டு எதையும் அவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். குட்டியைத் திடீரென்று கொண்டுவந்து இறக்கவும் வேண்டாம். இரவில் எழுப்பும், கயிற்றை இழுத்துத் தள்ளும், பத்துப் பன்னிரண்டு வருடப் பொறுப்பு அது. சில மாதம் கழித்து அவரே கேட்டால் வளர்ந்த, சாதுவான நாயாகப் பாருங்கள்.

துக்கம் அலை அலையாக வரும். நடுவில் பேரனைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் இல்லாமல், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, மாதத்தில் எடை 5 சதவீதம் குறைந்தது, ‘நானும் போயிடணும்’ என்கிறார் என்றால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சாவுப் பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே காட்டுங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் துக்கம் என்று எண்ணாமல் உடனே இசிஜி எடுங்கள்.